மில் மோட்டாரும் கரண்ட் பில்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, பல்லடம் பக்கத்து நூற்பாலைகளில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவன் நான். சின்ன மில் முதலாளிகளும் புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கணக்குகளில் யூனிட் 8 ரூபாய், ஆண்டுக்கு 8,000 மணி நேர ஓட்டம் என்று வைத்திருக்கிறேன். உங்கள் பில்லில் இருக்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேம் பிளேட்டில் ஐ.இ.2, ஐ.இ.3 என்று இருக்கிறதே, அது என்ன?

மோட்டார் எவ்வளவு கரண்டை வாங்கி அதில் எவ்வளவை ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) வேலையாகத் தருகிறது என்பதற்கான வகுப்பு. 2014-ல் வந்த ஐ.இ.சி. 60034-30-1 என்ற சர்வதேசத் தரநிலை ஐ.இ.1 முதல் ஐ.இ.4 வரை வகுத்திருக்கிறது. நம் நாட்டில் அதற்கு இணையானது ஐ.எஸ். 12615. நான்கு போல் (காந்த துருவம்) கொண்ட 15 கிலோவாட், அதாவது 20 ஹெச்.பி. மோட்டாரை எடுத்துக்கொண்டால் ஐ.இ.1-க்கு 88.7 சதவீதம், ஐ.இ.2-க்கு 90.6, ஐ.இ.3-க்கு 92.1, ஐ.இ.4-க்கு 93.9.

சின்ன மோட்டாரில் இடைவெளி பெரிது. 0.75 கிலோவாட்டில் ஐ.இ.1 வெறும் 72.1, ஐ.இ.3 82.5. அதுவே 75 கிலோவாட்டில் 92.7-க்கும் 95-க்கும்தான் வித்தியாசம். ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் 0.75 கிலோவாட்டுக்கு மேல் ஐ.இ.3 கட்டாயம், 2023 ஜூலை முதல் 75-லிருந்து 200 கிலோவாட் வரை பெரும்பாலான மோட்டார்களுக்கு ஐ.இ.4. இங்கே சாதாரண த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு ஐ.இ.2 தான் சட்டப்படி அடிமட்டம். ஆனால் பழைய மில்லுக்குள் போய்ப் பாருங்கள், எந்த வகுப்பும் போடாத நேம் பிளேட்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பெயிண்ட் அடித்து மறைந்த நேம் பிளேட்டுகளும் உண்டு.

மூன்று நாலு சதவீதத்துக்கா இவ்வளவு பேச்சு?

அந்த 15 கிலோவாட் மோட்டார் ஷாஃப்டில் 12 கிலோவாட் வேலை செய்கிறது என்று வைப்போம். ஐ.இ.1 என்றால் லைனிலிருந்து 13.53 கிலோவாட் இழுக்கும். ஆண்டுக்கு 1,08,000 யூனிட்டுக்கு மேல், எட்டரை லட்ச ரூபாயைத் தாண்டும். மோட்டாரின் விலை இதில் இரண்டு மாதக் கரண்டுக்குக்கூட வராது. வாங்கும்போது ஐயாயிரம் ரூபாய்க்கு மூன்று கொட்டேஷன் கேட்டுப் பேரம் பேசுவோம். மாதம் எழுபதாயிரம் ரூபாய்க் கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம்.

அதே இடத்தில் ஐ.இ.3 இருந்தால் 13.03 கிலோவாட். அரை கிலோவாட் மிச்சம், ஆண்டுக்கு 4,000 யூனிட், 32,000 ரூபாய். மோட்டார் எழுபதாயிரம் என்று வைத்தால் இரண்டே கால் ஆண்டுக்குள் காசு திரும்பிவிடும்.

வீணாகும் கரண்ட் எங்கே போகிறது?

சூடாகத்தான். ஸ்டேட்டர் (சுற்றாத வெளிப்பகுதி) காயிலில் ஒரு பங்கு, ரோட்டர் (சுற்றும் உள்பகுதி) பாரில் ஒரு பங்கு, இரும்பு ஸ்டாம்பிங்கில் (கோரில் அடுக்கிய மெல்லிய தகடுகளில்) ஒரு பங்கு, பேரிங் உராய்வுக்கும் கூலிங் ஃபேனுக்கும் ஒரு பங்கு. எந்தக் கணக்கிலும் நேராக அடங்காத உதிரி இழப்பு ஒன்றும் உண்டு. ஐ.இ.3-ல் மந்திரம் எதுவும் இல்லை. காப்பர் கூடுதல், ஸ்டாம்பிங் நல்ல ரகம், கோர் கொஞ்சம் நீளம், கூலிங் ஃபேன் சின்னது. தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும்.

அப்படியானால் எல்லா மோட்டாரையும் மாற்றிவிடலாமா?

வேண்டாம். ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள். ஆண்டுக்கு 1,000 மணி நேரமே ஓடும் மோட்டாரில் அதே மாற்றம் 4,000 ரூபாய்தான் தரும். போட்ட காசு திரும்பப் பதினேழு வருடம் ஆகும். அதைத் தொடாதீர்கள். எரியும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று ஷிஃப்டும் ஓடுபவைதான் நம் ஆட்கள். நூல் நூற்கும் மெஷினான ரிங் ஃபிரேமின் மெயின் மோட்டார், அதன் சக்‌ஷன் ஃபேன், மில்லுக்குள் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேன்கள், கம்ப்ரஸர். நூற்பாலையின் கரண்டில் பாதிக்கு மேல் ரிங் ஃபிரேமுக்கே போகிறது.

புது ஐ.இ.3 மோட்டார் போட்டோம். பில் குறையவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இந்தக் கேள்விக்கு நான் ஒரு காலத்தில் பதில் தெரியாமல் முழித்திருக்கிறேன். ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனில் ஓடிய பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டோம். ஒரு மாதம் கழித்து மீட்டர் பார்த்தால் பழைய ரீடிங்கைவிடக் கொஞ்சம் கூடுதல். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. டீலரிடம் சண்டைக்குப் போனேன். தப்பு அவரிடம் இல்லை.

விஷயம் வேகத்தில் இருந்தது. எஃபிஷியன்சி கூடின மோட்டாரில் ஸ்லிப் (காந்தப்புலம் சுற்றும் 1,500-ஐவிட ரோட்டர் பின்தங்கும் அளவு) குறைவு, அதனால் அது கொஞ்சம் வேகமாகச் சுற்றும். பழையது 1,445 ஆர்.பி.எம்., புதியது 1,465. இருபது சுற்றுதானே என்று தோன்றும். ஆனால் ஃபேன் கேட்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 1,465-ஐ 1,445-ஆல் வகுத்து மூன்று முறை பெருக்கினால் 1.042. அதாவது ஷாஃப்டில் கேட்கும் 12 கிலோவாட் 12.5 ஆகிவிடுகிறது. அதை 92.1 சதவீதத்தால் வகுத்தால் 13.58. பழைய மோட்டார் இழுத்ததோ 13.53!

மிச்சம் முழுவதையும் ஃபேனே சாப்பிட்டுவிட்டது. காற்று கொஞ்சம் கூடுதலாக வந்தது உண்மைதான், ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. கடைசியில் மோட்டார் பக்கத்து புல்லியை 200 மில்லிமீட்டரிலிருந்து 197-க்கு மாற்றினோம். அடுத்த மாதம் கணக்கு நேரானது. ஃபேன், பம்ப் எதுவானாலும் மோட்டார் மாற்றும் அன்றே வேகம் அளக்கும் டாக்கோமீட்டர் வைத்துப் பழைய வேகத்தை எழுதி வைத்துவிடுங்கள்.

ஸ்டார்ட் பண்ணும்போது பிரேக்கர் டிரிப் ஆகிறதே?

அதுவும் இதே குடும்பத்துப் பிரச்சினை. ஐ.இ.3-ல் வைண்டிங், ரோட்டர் இரண்டிலும் ரெசிஸ்டன்ஸ் குறைவு. சுவிட்ச் போட்ட நொடியில் பாயும் கரண்ட் பழையதைவிடக் கூடுதலாக இருக்கும். பழைய பிரேக்கர் செட்டிங் போதாது. மோட்டார்மேல் பழி போடாமல் செட்டிங்கைச் சரிபாருங்கள்.

டாங் டெஸ்டரில் ஆம்ப்ஸ் பார்த்தால் எவ்வளவு லோடு என்று தெரிந்துவிடுமா?

கேபிளைக் கவ்விப் பிடித்து ஆம்ப்ஸ் அளக்கும் மீட்டர்தான் டாங் டெஸ்டர். எல்லாரும் செய்வது இதைத்தான், பாதிப் பேர் தவறுவதும் இதில்தான். மோட்டார் வெறுமனே சுற்றும்போதே ஃபுல் லோடு ஆம்ப்ஸில் 30 முதல் 40 சதவீதம் வரை இழுக்கும். அது பெரும்பாலும் காந்தப்புலம் உண்டாக்கப் போகும் கரண்ட். ஆகவே பாதி ஆம்ப்ஸ் காட்டினால் பாதி லோடு என்று அர்த்தமில்லை. கால் லோடாக இருக்கலாம்.

கிலோவாட் காட்டும் மீட்டர் வேண்டும். ஒரு பவர் அனலைசர் வாடகைக்கு எடுத்தால்கூடப் போதும். அதுவும் இல்லையென்றால் ஸ்லிப் பாருங்கள். நேம் பிளேட்டில் 1,440 என்று இருந்து, ஓடும்போது 1,470 காட்டினால், 1,500-லிருந்து கணக்கிட்ட 60 சுற்று ஸ்லிப்பில் 30 தான் விழுகிறது, சுமார் பாதி லோடு. நேம் பிளேட் வேகமே முன்னே பின்னே இருக்கும் என்பதால் இது தோராயம்தான். ஆனாலும் ஆம்ப்ஸைவிட நல்ல தோராயம்.

பெரிய மோட்டாராகப் போட்டுவிட்டால் பாதுகாப்புதானே?

இந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகாது. மெஷின்காரர் 15 என்பார், கன்சல்டன்ட் பாதுகாப்புக்கு 18.5 என்பார், ஸ்டோரில் 22 இருக்கும், 22 ஏறிவிடும். பாதி லோடுக்கு மேல் ஓடும்வரை எஃபிஷியன்சி அவ்வளவாக விழாது. நிறைய மோட்டார்களில் முக்கால் லோடில்தான் உச்சமே. 40 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் சரசரவென்று இறங்கும். பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு) அதற்கு முன்பே இறங்க ஆரம்பித்துவிடும்.

எப்போதுமே மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே லோடு இருக்கும் டெல்டா இணைப்பு மோட்டாரை, காயில்களுக்குக் குறைந்த வோல்டேஜ் தரும் ஸ்டார் இணைப்பிலேயே நிரந்தரமாக ஓட்டலாம். செலவில்லாத வைத்தியம். ஆனால் ஸ்டாரில் டார்க் (சுழற்றும் விசை) மூன்றில் ஒன்றுதான். லோடு திடீரென்று ஏறும் இடத்தில் இதைச் செய்துவிட்டு என்னைத் தேடாதீர்கள்.

எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவதா, புதிது வாங்குவதா?

கோவைக்காரர்களுக்கு மோட்டாரைத் தூக்கிப் போட மனசு வராது. பைக்காரா கரண்ட் 1930-களில் ஊருக்கு வந்ததிலிருந்து மில்லும் மோட்டாரும் இங்கே கூடவே வளர்ந்தவை. இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்த ஊரில் செய்ததுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை இருக்கும். நாலாவது முறை, ஐந்தாவது முறை காயில் கட்டிய மோட்டாரையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

ரீவைண்டிங் என்றாலே எஃபிஷியன்சி போய்விடும் என்பது சரியல்ல. அமெரிக்காவின் ஈ.ஏ.எஸ்.ஏ., பிரிட்டனின் ஏ.இ.எம்.டி. என்ற இரண்டு பழுதுபார்ப்போர் சங்கங்கள் சேர்ந்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. முறையாகக் காயில் கட்டினால் எஃபிஷியன்சி அப்படியே நிற்கும் என்பது அதன் முடிவு. அவர்கள் பிழைப்பே ரீவைண்டிங் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சோதனை மோட்டாரை முன்னும் பின்னும் அளந்து செய்தது.

சிக்கல் 'முறையாக' என்ற சொல்லில் இருக்கிறது. பழைய காயிலை உருவ வேண்டுமே, அதற்காக ஸ்டேட்டரை எரிக்கிறார்கள். வெப்பம் கட்டுப்படுத்தும் அடுப்பில் 370 டிகிரிக்குள் வைத்து எரித்தால் ஸ்டாம்பிங் தப்பிக்கும். கடை வாசலில் கேஸ் ஃபிளேம் வைத்து இரும்பு சிவக்கச் சிவக்க எரித்தால் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இன்சுலேஷன் பூச்சு கருகிவிடும். தகடும் தகடும் ஒட்டிக்கொண்டு இரும்புக்குள்ளேயே சுழலும் எடி கரண்ட் ஓடும், கோர் இழப்பு ஏறும். மோட்டார் ஓடும், யாருக்கும் தெரியாது, மீட்டருக்கு மட்டும் தெரியும். இன்னொன்று, அதே கேஜ் கம்பி கிடைக்கவில்லை என்று மெல்லிசாகப் போடுவது, சுற்றைக் குறைப்பது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று நெருக்குவது நாம்தானே.

எனக்கு ஒருமுறை இப்படி வந்த மோட்டார், லோடே இல்லாமல் கை வைக்க முடியாத சூடு. நோ லோடு ஆம்ப்ஸும் வாட்ஸும் முன்பு எழுதி வைத்திருந்ததால் திருப்பி அனுப்ப முடிந்தது. இல்லாவிட்டால் வாய்ச்சண்டையோடு போயிருக்கும். நல்ல நிலையில் ஓடும்போதே ஒவ்வொரு பெரிய மோட்டாருக்கும் நோ லோடு ஆம்ப்ஸ், நோ லோடு வாட்ஸ், வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

என் வழக்கம் இது: இரண்டாம் முறை எரிந்ததும், 15 கிலோவாட்டுக்குள் இருந்து மூன்று ஷிஃப்ட் ஓடுவதும் என்றால் புதிதாக ஐ.இ.3. பெரிய மோட்டார், முதல் முறை எரிகிறது, நல்ல அடுப்பு வைத்திருக்கும் கடை பக்கத்தில் இருக்கிறது என்றால் காயில் கட்டலாம். கணக்குப் போடும்போது புது மோட்டாரின் முழு விலையைப் போடாதீர்கள். எப்படியும் கட்டியிருக்க வேண்டிய ரீவைண்டிங் காசைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

வி.எஃப்.டி. போட்டால் பாதி கரண்ட் மிச்சம் என்கிறார்களே?

வி.எஃப்.டி. என்பது ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். ஃபேனில் உண்மை. 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினால் வேகம் 80 சதவீதம், சக்தி 51 சதவீதம். புது மோட்டாரைக் கவிழ்த்த அதே மும்மடிக் கணக்குதான், இங்கே நமக்குச் சாதகமாக. மழைக்காலத்தில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டுக்கு முழுக் காற்று வேண்டாம். டேம்பரை (காற்றுப் பாதையின் தடுப்புக் கதவை) மூடிக் காற்றைக் குறைப்பது, ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே பிரேக் போடுவது மாதிரி. அந்த 12 கிலோவாட் ஃபேன் வருடத்தில் பாதி நாள் 40 ஹெர்ட்ஸில் ஓடினால் டிரைவின் சொந்த இழப்பைக் கழித்தும் ஒன்றே முக்கால் லட்ச ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும். மோட்டாரை மாற்றியதில் கிடைத்தது 32,000. எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் வருடம் முழுக்க ஃபுல் ஸ்பீடில் ஓடும் இடத்தில் டிரைவ் போட்டால் இரண்டு மூன்று சதவீதம் நட்டம்தான். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றும் பம்பிலும் மும்மடிக் கணக்கை நம்பாதீர்கள். ஏற்றும் உயரம் வேகத்தோடு குறையாதே. ஒரு வேகத்துக்குக் கீழே போனால் தண்ணீரே மேலே வராது. ரிங் ஃபிரேமில் டிரைவ் போடுவது வேறு காரணத்துக்கு: பாபின் நிரம்பும் கட்டத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றி நூல் அறுவதைக் குறைக்க. அது உற்பத்தி லாபம், கரண்ட் லாபம் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

பெரிய மோட்டாரில் டிரைவ் போட்டால் பேரிங் வழியாகக் கரண்ட் பாய்ந்து, பாதையில் வரிவரியாகப் பள்ளம் விழும். டிரைவ் எண்டுக்கு எதிர்ப்பக்கம் இன்சுலேட்டட் பேரிங், ஷீல்டு கேபிள், ஒழுங்கான எர்த்திங் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

கெப்பாசிட்டர் போட்டால் மோட்டார் குறைவாகச் சாப்பிடுமா?

சாப்பிடாது. பவர் ஃபேக்டர் ஏறும், கேபிளில் ஆம்ப்ஸ் குறையும், ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்பில் கே.வி.ஏ. டிமாண்ட் கட்டணம் குறையும். அதற்காகக் கட்டாயம் போட வேண்டும். ஆனால் மோட்டாருக்குள் ஆகும் இழப்பு அப்படியே இருக்கும். பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் சேவர் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ஒரு சின்ன கெப்பாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும்தான்.

வோல்டேஜ் கொஞ்சம் ஏறக்குறைய இருந்தால் பாதிப்பா?

மூன்று ஃபேஸும் சேர்ந்து சற்று ஏறி இறங்கினால் அவ்வளவு மோசமில்லை. ஒன்றுக்கொன்று வேறுபட்டால்தான் ஆபத்து. 420, 410, 400 என்று காட்டுகிறது என்று வையுங்கள். சராசரி 410, விலகல் 10, அதாவது 2.4 சதவீதம். அதை வர்க்கமாக்கி இரண்டால் பெருக்கினால் வைண்டிங்கின் வெப்ப ஏற்றம் சுமார் 12 சதவீதம் கூடும். 3.5 சதவீதம் என்றால் 25. வெப்பம் 10 டிகிரி கூடினால் இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. சிங்கிள் ஃபேஸ் லோடுகளை எல்லாம் ஒரே ஃபேஸில் கட்டியிருப்பதுதான் நான் பார்த்தவரை முதல் குற்றவாளி. கேன்டீன், குவார்ட்டர்ஸ், ஆபீஸ் ஏ.சி. எல்லாம் ஆர் ஃபேஸில்!

பெல்ட், கிரீஸ் இதெல்லாம் கணக்கில் வருமா?

வரும். தளர்ந்த வி-பெல்ட் ஐந்து சதவீதத்துக்கு மேல் தின்னும். மோட்டாரில் கஷ்டப்பட்டு எடுத்ததை அங்கே விட்டுவிடுவோம். கிரீஸ் அதிகம் போனால் பேரிங் சூடாகும். ஃபேன் கவரில் பஞ்சு அடைத்திருந்தால் எந்த வகுப்பு மோட்டாரும் எரியும்.

நேம் பிளேட்டில் போட்டிருக்கும் சதவீதத்தை நம்பலாமா?

கொஞ்சம் தள்ளுபடியோடு. 150 கிலோவாட் வரை இழப்பில் 15 சதவீதம் கூடுதலாக இருக்கலாம் என்று தரநிலையே அனுமதிக்கிறது. 92.1 என்று எழுதிய மோட்டார் சோதனையில் 90.9 காட்டினாலும் சட்டப்படி தேறிவிடும். அது ஏறக்குறைய ஐ.இ.2-ன் 90.6! பத்துக்கு மேல் வாங்குகிறீர்கள் என்றால் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். கேட்கிற ஆளுக்கு நல்ல மோட்டார்தான் வரும்.

காந்தம் வைத்த மோட்டார்கள், ஐ.இ.5 எல்லாம் வாங்கலாமா?

ஐ.இ.5 என்பது ஐ.இ.4-க்கும் மேலான வகுப்பு. டிரைவ் எப்படியும் வேண்டும் என்ற இடத்தில் யோசிக்கலாம். ரோட்டரில் நிரந்தரக் காந்தம் இருப்பதால் அங்கே காப்பர் இழப்பு ஏறக்குறைய இல்லை. பாதி லோடிலும் நன்றாக நிற்கும். ஆனால் பக்கத்துக் கடையில் பழுதுபார்க்க ஆள் கிடைக்கமாட்டார், பழைய ஸ்டார்ட்டரிலும் ஓடாது. காந்தத்துக்கான அருமண் தாதுக்கள் பெரும்பாலும் சீனாவின் கையில்; 2025 ஏப்ரலில் அவர்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. காந்தமே இல்லாத சிங்க்ரனஸ் ரிலக்டன்ஸ் வகை இன்னொரு வழி.

மாற்றம் பலித்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

மொத்த பில்லை வைத்துச் சொல்லாதீர்கள். கவுன்ட் (நூலின் நேர்த்தி எண்) மாறும், ஆர்டர் மாறும், வெயில் மாறும். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்ற யு.கே.ஜி.தான் நம் தொழிலின் அளவுகோல், அதுவும் 40-ஆம் கவுன்டுக்கு மாற்றிய யு.கே.ஜி. கோவையில் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா இதற்கு அளவுகள் வகுத்துத் தருகிறது. அதோடு மாற்றும் மோட்டாருக்குத் தனியாக ஓர் எனர்ஜி மீட்டர். முன்பு ஒரு வாரம், பின்பு ஒரு வாரம்.

கழற்றிய பழைய மோட்டாரை என்ன செய்வது?

ஸ்பேராக வைக்கலாம் என்று ஸ்டோருக்குள் விடாதீர்கள். ஆறு மாதத்தில் ஒரு நைட் ஷிஃப்டில் திரும்பி வந்து ஏறிவிடும், அப்புறம் அதை இறக்க யாருக்கும் நேரம் இருக்காது. காப்பர், இரும்பு விலைக்கு உடைத்தே விற்றுவிடுங்கள். நாங்கள் ஒரு முறை அப்படியே முழுசாக விற்றோம். இரண்டு வருடம் கழித்து ஒரு நண்பரின் தறிக்கூடத்துக்குப் போயிருந்தேன். மூலையில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாடியில் நான் மஞ்சள் பெயிண்டில் எழுதிய எங்கள் மில் நம்பர் அப்படியே இருந்தது. "நல்ல மோட்டார்ங்க, ரெண்டாயிரம் ரூபாய் குறைச்சுத்தான் வாங்கினேன்" என்றார் அவர்.